சாக்பீஸில் எழுதிய ஊர்

லான்வீனோ
9 செப்டம்பர் 1979

அன்புத் தம்பி எம்லினுக்கு,

அக்கா நெஸ்டா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே தகவல் சொல்லிவிடுகிறது. உன் நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது? வறுத்த பன்றியை விட்டாயா, மாத்திரையைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறாயா? உன் மகள் லவ்ரிக்கு ஐந்தாம் மாதம் என்று கேள்விப்பட்டேன். பாரம் தூக்க விடாதே.

முப்பது வருஷம் பிரிஸ்டலில் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பி ஒரு வருஷம் ஆகிறது. தினமும் கல்லறைத் தோட்டத்து யூ மரத்தைத்தான் வரைகிறேன். தபால் கடை பிளாட்வென் கேட்டாள்: "ஏம்மா, அது எங்கயும் ஓடிப்போகாதே! ஒரு தடவ வரைஞ்சா பத்தாதா?" எனக்குப் பத்தவில்லை. கோயில் கட்டுமுன் ஆயிரம் வருஷம் நின்ற மரம். ஒரு பக்கம் குகை மாதிரி உள்ளீடற்றுக் கிடக்கிறது. இன்னொரு பக்கம் இந்த வசந்தத்தில் புதுத் தளிர். எந்தப் பக்கத்தை வரைந்தாலும் மற்றது பொய்யாகிவிடுகிறது.

இப்போது விஷயம். பாதிரியார் பாரி என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஞானஸ்நானத் தொட்டிக்குப் புது மூடி. மூன்று வருஷத்துக்கு முன் ஜனவரிப் புயலில் அந்த யூ மரத்திலிருந்து முறிந்து விழுந்த கிளையில்தான் செய்ய வேண்டும் என்று ஊரே கேட்கிறது. அன்றைக்கு நீதான் லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனாய். "பத்திரமா வச்சிருக்கேன், வேணுங்கறப்ப கேளுங்க" என்றாயாம். வேண்டும். எப்போது அனுப்புகிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா நெஸ்டா


ஹெரிஃபோர்ட்
12 அக்டோபர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். வியாபாரம் கழுத்தைப் பிடிக்கிறது. பன்றியை விட்டுவிட்டேன்; அதாவது, ஞாயிறு தவிர. லவ்ரி நன்றாக இருக்கிறாள். பாரம் தூக்காதே என்றால் அலமாரியை நகர்த்துகிறாள். "தூக்கலப்பா, தள்ளறேன்" என்கிறாள். இந்தப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

இங்கே நல்ல மழை. ஆற்றங்கரைக் கிடங்கில் தண்ணீர் வந்து இரண்டு நாள் எல்லாவற்றையும் மேலே ஏற்றினோம். நார்வே பைன் ஒரு சுமை நனைந்தது. பழைய நூற்பாலை ஒன்றை இடிக்கிறார்கள்; அதன் உத்தரங்களுக்கு நான்கு பேர் போட்டி. நான் விடிவதற்கு முன் போய் நின்று வாங்கிவிட்டேன். உனக்கு நல்ல அலமாரிப் பலகை அதில் ஒதுக்குகிறேன்.

கிளை விஷயம் பார்க்கிறேன்.

குளிருக்கு அடுப்பை நன்றாக எரியவிடு. கரியில் சிக்கனம் பார்க்காதே.
தம்பி எம்லின்


லான்வீனோ
20 அக்டோபர் 1979

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்கவேண்டும். உன் கடிதத்தில் நூற்பாலைக்கு எட்டு வரி, கிளைக்கு ஒரு வரி. வியாபாரிக்கு உத்தரம்தான் உறவு என்று சிரித்துக்கொண்டேன்.

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. ஆனால் இது எனக்கு மட்டும் உள்ள வேலை இல்லை. புதைத்துவிட்டுத் திரும்பும்போது நம் ஊரார் மரத்தின் பொந்துக்குள் ஒரு தரம் கைவிட்டுப் போவார்கள், நினைவிருக்கிறதா? அம்மாவைப் புதைத்த அன்று நீ குட்டையாக இருந்தாய், எட்டவில்லை, நான்தான் தூக்கிவிட்டேன். அந்தப் பொந்தையே மூடியின் நடுவில் குடையலாம் என்று இருக்கிறேன். அதில் கைவிட்டுத்தான் மூடியைத் தூக்க வேண்டும். சாவுக்குத் தொட்ட அதே பொந்தைப் பிள்ளை பிறப்புக்கும் தொடுவார்கள்.

இன்னொன்று. ஊர் அறிவிப்பு எல்லாம் தலைமுறை தலைமுறையாக அந்தக் கிளையடியில்தானே ஆணியடித்தார்கள். காணாமல் போன ஆடு, ஏலம், பதினான்காம் வருஷம் போருக்குப் போனவர்கள் பட்டியல். அதில் அப்பா பெயரும் இருந்தது. காகிதம் போய்விட்டது, ஆணி உள்ளே இருக்கும். ஆணியைச் சுற்றி யூ மரம் நீலமாகக் கறுக்குமாமே? எத்தனை ஆணி தெரிகிறது என்று எண்ணிச் சொல்.

மே மாதம் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று மூடி கோயிலில் இருக்கவேண்டும். அன்றைக்கு முதல் ஞானஸ்நானம் லவ்ரியின் குழந்தைக்கு என்று பாதிரியார் இப்போதே குறித்துவிட்டார்.

லவ்ரியை ஏதாவது நாற்காலியில் கட்டிப்போடு.
அக்கா


ஹெரிஃபோர்ட்
15 நவம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் கதகதப்பாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நாளை என் லாரி உன் பக்கம் வருகிறது. பலகையை என் ஆள் டெரிக் இறக்கிவைப்பான். சாக்குப் போட்டு, கயிறு கட்டியிருக்கிறது. மூன்றங்குலக் கனம், நன்றாகக் காய்ந்தது, ஒரு வெடிப்பு கிடையாது. ஆரஞ்சும் கிரீமும் கலந்த நிறம், பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஆணி இல்லை. ஆணி இருந்த பாகத்தைப் பையன்கள் ஒதுக்கி அறுத்துவிட்டார்கள். உன் உளி தப்பித்தது என்று சந்தோஷப்படு.

தலைப்பக்கம் சாக்பீஸில் லான்வீனோ என்று எழுதியிருக்கிறேன். எங்கள் மரவாடி வழக்கம் உனக்குத் தெரியும். மரம் எந்த மண்ணில் நின்றதோ அந்த ஊர்ப்பெயர் பலகையின் தலையில். லண்டனிலிருந்து வருகிறவன்கூடக் காகிதம் கேட்பதில்லை, "ப்ராசர் எழுதியிருக்காரா? அப்ப சரி" என்று நம் குடும்பப் பெயரைச் சொல்லி ஏற்றிக்கொண்டு போகிறான்.

பாதிரியாருக்கு என் வணக்கம்.
எம்லின்


லான்வீனோ
2 டிசம்பர் 1979

அன்புத் தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. பலகை வந்தது. டெரிக்குக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து அனுப்பினேன். நல்ல பலகை.

இங்கே பனி பெய்து மரத்தின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ஏணி வைத்து ஏறி வரைந்துகொண்டிருக்கிறேன். குழிவெட்டும் ஹைவெல் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். "நீங்க விழுந்தீங்கன்னா தூக்கிட்டு ஓட வேண்டியதில்ல, இங்கயே இடம் இருக்கு" என்று ஆறுதல் சொல்கிறார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.
அக்கா


ஹெரிஃபோர்ட்
28 ஜனவரி 1980

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை. இருபத்து நான்காம் தேதி. தாயும் சேயும் சுகம். எஃபா என்று பெயர். குரல் என் மர ரம்பத்தைத் தோற்கடிக்கிறது. தாத்தா ஆகிவிட்டேன், நெஞ்செரிச்சல்கூட ஒரு வாரம் வரவில்லை.

உன்னிடமிருந்து கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. லவ்ரி அனுப்பிய பார்சலுக்கு மட்டும் நன்றி எழுதினாயாம். உளி வைத்தாயா? வேலை எங்கே நிற்கிறது? நான் எழுதியதில் ஏதாவது உனக்குக் கோபமா? கோபமென்றால் சொல்லிவிடு. நான் வளைத்துப் பேசுகிறவன் இல்லை, எனக்கும் யாராவது வளைத்துப் பேசினால் பிடிக்காது.

பாதிரியார் பாரி குழந்தைக்கு வாழ்த்து எழுதியிருந்தார். "உங்கள் கையால் காப்பாற்றிய மரத்தின் கீழ் உங்கள் பேத்தி" என்று ஒரு வரி. நல்ல மனிதர்.

பதில் போடு.
எம்லின்


லான்வீனோ
10 பிப்ரவரி 1980

அன்புத் தாத்தாவுக்கு,

எஃபாவுக்கு என் முத்தம். பெயர் வாய் நிறைய இருக்கிறது. லவ்ரிக்குப் பால் நன்றாக இருக்கிறதா? நீ குழந்தையைத் தூக்கும்போது சாக்பீஸ் கையைக் கழுவிவிட்டுத் தூக்கு.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. பலகைச் சாக்கின் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தேன். பிறகு இந்தக் குளிர்காலம் முழுக்க வேறு வேலை செய்தேன். அதில் ஒன்றைச் சுருட்டி இதோடு அனுப்புகிறேன். கிளை முறிந்த இடத்தை அன்று உன் ஆட்கள் மரத்தோடு நேராக அறுத்துவிட்டுப் போனார்களே, அந்த வெட்டுமுகத்தின் மேல் காகிதம் வைத்துக் கறுப்பு மெழுகால் தேய்த்து எடுத்தது. ஒவ்வொரு வளையமும் அப்படியே வந்திருக்கிறது. என் கட்டைவிரல் நக அகலத்துக்குள் நாற்பத்தொரு வளையம் எண்ணினேன். அவ்வளவு மெதுவாக வளர்ந்திருக்கிறது. கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது ஆணி.

நான் இதுவரை செய்ததில் இதுதான் நல்லது என்று தோன்றுகிறது. உன் அலுவலகச் சுவரில் மாட்டிக்கொள். நீ மரம் தெரிந்தவன்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம்.
அக்கா


ஹெரிஃபோர்ட்
24 மார்ச் 1980

அக்காவுக்கு,

உன் படம் ஆறு வாரமாக என் மேசைக்கு எதிரே தொங்குகிறது. நீ மாட்டச் சொன்னாய், மாட்டினேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் அனுப்பியது நம் மரம் இல்லை. உனக்கு நவம்பரிலிருந்தே தெரியும். அந்தப் பலகையில் நக அகலத்துக்கு ஆறு வளையம்கூட இருக்காது. சர்ரே பக்கம் ஒரு பங்களாத் தோட்டத்தை அழித்தபோது வாங்கிய சரக்கு. செழிப்பான மண்ணில் நன்றாகத் தின்று வளர்ந்த மரம். தலையில் லான்வீனோ என்று எழுதியவன் நான். டெரிக் இல்லை, பையன்கள் இல்லை, நான். முப்பத்தொரு வருஷத்தில் என் சாக்பீஸ் எழுதிய முதல் பொய், அதையும் சொந்த அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நம் கிளை என்ன ஆயிற்று என்று கேள். எழுபத்தாறு ஏப்ரலில் ரம்பத்தில் ஏற்றினோம். ஆணி பட்டு ரம்பப் பட்டை அறுந்தது. மாற்றினோம், மறுபடியும் அறுந்தது. டெரிக் கத்தினான்: "மொதலாளி, இது மரமா ஆணிக் கடையா? இன்னொண்ணு அறுந்தா என் தலையும் சேந்து போயிரும்!" நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "ஆணி இல்லாத எடமாப் பாத்து நாலடி நாலடியா துண்டு போடு. பொளந்து வேலிக்காலாத் தள்ளிவிடு" என்றேன். இரும்பேறிய மரத்தை எந்த மரவியாபாரியும் அப்படித்தான் செய்வான். அது ஊர் நம்பி ஒப்படைத்தது என்பது எனக்கு அந்த நேரம் நினைவிலேயே வரவில்லை. மறுநாள் வந்தது. அதற்குள் துண்டாகிவிட்டது.

அதன்பிறகு மூன்று கிறிஸ்துமஸ் பாதிரியார் கேட்டார், மூன்று தடவையும் "பத்திரமா இருக்கு" என்றேன். முதல் தடவை வாய் தவறியது. மற்ற இரண்டும் தெரிந்தே.

அந்த ஆணிகளில் ஒன்று அப்பாவின் பெயர் தொங்கிய ஆணி என்று நீ எழுதினாயே. ஆணி என்று பார்த்தேனே தவிர, யார் எதற்கு அடித்த ஆணி என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஃபாவை மடியில் வைத்திருந்தேன். அவள் தலையில் தண்ணீர் ஊற்றும் இடத்தில், ஊரே கைவிட்டுத் தொடும் இடத்தில், சர்ரே பங்களா மரம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம் செத்தவர்களைத் தொடுவதாக நினைத்துத் தொடுவார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கவேண்டும். என்னால் ஆகாது. பாதிரியாருக்கும் இன்றே தனியாக எழுதிவிட்டேன்.

என்ன செய்யவேண்டும் என்று சொல். திட்டுவதானால் திட்டு.
எம்லின்


லான்வீனோ
27 மார்ச் 1980

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாதிரியாரும் அவருடையதை எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் தேநீர் குடித்தோம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினோம்.

வேலிக்காலை யாருக்கு விற்றாய்? யூ வேலிக்கால் இரும்பைவிட அதிக நாள் நிற்கும் என்று வாங்குகிறவனிடம் சொல்வாயே. அது பொய் இல்லை என்றால் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

எஃபாவுக்கு முத்தம்.
அக்கா


ஹெரிஃபோர்ட்
14 ஏப்ரல் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நான்கு நாளாக முதுகுதான் ஒடிகிறது, காரணம் கேள்.

சிட்டையைத் தேடிப் பிடித்தேன். கிங்டன் மேட்டில் ஆடு வளர்க்கும் வாட்கின்ஸ் வாங்கியிருக்கிறார். பதினான்கு கால். லாரியில் புத்தம்புது ஓக் கால்கள் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த ஆளை உனக்குத் தெரியாது. பேச்சுக் கொடுத்தால் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

"என்னய்யா ப்ராசர், வித்த சரக்கத் திருப்பிக் கேக்கறே? அதுக்குள்ள தங்கம் கிங்கம் இருக்கா?"

"ஆணி இருக்கு."

"ஆணி இருக்குன்னு எனக்கே தெரியும். போன வருசம் என் பேண்ட்டக் கிழிச்சுது. அதுக்கா புது ஓக் தர்றே? பாத்துய்யா, பொண்டாட்டிகிட்ட சொல்லி ஒன்ன டாக்டர்கிட்ட காட்டச் சொல்லணும்."

உண்மையைச் சொன்னேன். கோயில் மரம் என்றும், நான் செய்த காரியம் என்றும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா என் ஆடெல்லாம் நாலு வருசமா ஒன் பாட்டன் பூட்டன் மேல முதுகு சொறிஞ்சிருக்கு. கோச்சுக்க மாட்டாங்களே?" என்றார். பிறகு அவரே கடப்பாரை எடுத்துவந்தார்.

நான்கு வருஷம் ஈரமண்ணில் நின்றது, அக்கா. அடியில் விரல்நகம் இறங்கவில்லை. நான் வாங்குகிறவனிடம் சொன்னது பொய் இல்லை. பதினொன்று கிடைத்தது. இரண்டு கால் வாயிற்கதவு தாங்குகிறது, அதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒன்றைப் பனியில் டிராக்டர் முறித்து அடுப்புக்குப் போயிற்று. மற்ற பதினொன்றும் கையகலம்தான் இருக்கும். டெரிக் அப்போது எவ்வளவு ஒதுக்கியும் எட்டில் ஆணி தங்கியிருக்கிறது. சுற்றிலும் நீலக்கறுப்பு, மை கொட்டியது மாதிரி. உன் படத்தில் இருக்கிற அதே திட்டு.

ஆடு உரசிய பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. இழைக்கவேண்டாம் என்று நினைக்கிறேன், நீ முடிவு செய். தலைப்பக்கம் நான் எதுவும் எழுதவில்லை. கை வரவில்லை.

நாளை நானே கொண்டுவருகிறேன். சாப்பாடு வை, பன்றி இல்லாமல்.
எம்லின்


லான்வீனோ
19 மே 1980

அன்புத் தம்பிக்கு,

நீ வந்துபோனபின் முதுகு தேவலையா? எனக்குத் தோள் இரண்டும் வலிக்கிறது, நல்ல வலி.

மூடி முடிந்தது. உருவம் எதுவும் செதுக்கவில்லை. முதலில் இலையும் பழமும் செதுக்குவதாக வரைந்துவைத்திருந்தேன். இந்த மரத்துக்கு அது அதிகப்படி. பதினொரு காலையும் ஆப்பு மாதிரி சீவி வட்டமாகச் சேர்த்தேன். நடுவில் பொந்து. ஆணிகளை எடுக்கவில்லை, உளி இரண்டு போயிற்று. மெழுகு பூசினேன். ஆடு உரசிய பக்கத்தையே மேலே வைத்திருக்கிறேன். பாதிரியாரிடம் சொன்னேன். "மேய்ப்பன் வீட்டுக்கு ஆடு பாலிஷ் போடறதுல என்ன தப்பு?" என்று கேட்டார்.

ஹைவெல் நேற்று வந்து பார்த்தார். பொந்தில் கையை விட்டுவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. "உள்ள ஒரு ஆணி இருக்கும்மா" என்றார். "தெரியும்" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

உன் பலகையை இன்றைக்குப் போகும் பால் லாரியில் திருப்பி அனுப்புகிறேன். நல்ல பலகை. வீணாக்காதே.

ஞாயிறு பார்ப்போம். எஃபாவுக்குக் கம்பளிச் சட்டை போட்டுக் கொண்டுவாருங்கள், கோயிலுக்குள் மே மாதமும் குளிர்தான்.
அக்கா


ஹெரிஃபோர்ட்
30 மே 1980

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். குழந்தை வழியெல்லாம் தூங்கினாள். கோயிலில் போட்ட கூச்சலுக்கு அது நியாயம்தான். ஞானஸ்நானத்தன்று கூட்டத்தில் உன்னிடம் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூடியைத் தூக்கும் முறை எனக்கு வந்தபோது கையை உள்ளே விட்டேன். இந்தத் தடவை யாரும் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை. ஆணி விரலில் பட்டது. அப்பாவுடையதா, யாரோ தொலைத்த ஆட்டுக்கு அடித்ததா, கடவுளுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

போன வாரம் திங்கட்கிழமை உன் பால் லாரிக்காரன் இறக்கிய பலகையை நேற்றுத்தான் பார்த்தேன். சாக்கு நான் கட்டியபடியே இருக்கிறது, கயிற்றில் என் முடிச்சு. ஒரு மூலை மட்டும் பிரித்து, மறுபடி மடித்து, நூலால் தைத்திருக்கிறாய். ஆறு மாதம் உன் அறையில் அது அப்படியே நின்றிருக்கிறது, நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அவிழ்த்தேன். தலையில் லான்வீனோ என்று என் கையெழுத்து அப்படியே இருந்தது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போயிருக்கும். நீ தொடவில்லை.

டெரிக் பக்கத்தில் நின்று, "மொதலாளி, லான்வீனோன்னு எழுதியிருக்கே, கோயில் மரம்னு அப்படியே வச்சா நல்ல விலை போகுமே" என்றான். கிண்டல்தான் செய்கிறான், அவனுக்கு எல்லாம் தெரியும்.

சட்டைக் கையை இழுத்து நானே துடைத்தேன். புதுச் சாக்பீஸ் எடுத்து எழுதினேன்: சர்ரே. தோட்ட மரம்.

இன்று மதியம் ஒருவர் வந்து, தலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

உன் தோள்வலிக்குத் தைலம் அனுப்புகிறேன். தேய்த்துக்கொள்.
தம்பி எம்லின்